சதுக்கத்தில் நிற்கும் பூதம்: புதுவையை வைத்து ஒரு பேய் வேட்டை நாவல் எழுதும் முறை

பேய் வேட்டையாடும் பதினாறு வயதுப் பெண் என்றதும் எழுத உட்காருகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது அவள் கையில் இருக்கும் வாள். அடுத்து அவள் கோபம், கறுப்புச் சட்டை, செத்துப்போன அப்பா. பேய் கடைசியில்தான் வரும். வந்தாலும் சிவந்த கண், நீண்ட நகம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். முப்பது பக்கத்துக்குள் கதை படுத்துவிடும். அந்தப் பேய்க்கு என்ன வேண்டும், யாரைத் தொடும், யாரைத் தொடாது என்று எழுதுகிறவருக்கே தெரியாததுதான் காரணம்.

இங்கே வரிசை தலைகீழ். முதலில் பூதம், அடுத்து அதன் சட்டம், அப்புறம் ஊர், கடைசியில்தான் பெண். எல்லாப் படிகளுக்கும் ஒரே கதையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். களம் புதுச்சேரி, நடுவில் கொஞ்சம் கடலூர்.

எந்தப் பேய்?

‘டீமன்’ என்ற ஒரு சொல்லுக்குள் நம் ஊர் ஆட்கள் அத்தனை பேரையும் அடைக்க முடியாது. முனி ஊர் எல்லையில் நிற்பவர், சுருட்டும் சாராயமும் படையல் வாங்கிக்கொண்டு காவல் பார்ப்பவர். அவரை வேட்டையாடினால் ஊருக்குக் காவல் போச்சு. காட்டேரிக்குப் பயப்படுவது பிள்ளைத்தாய்ச்சி வீடு. கொள்ளிவாய்ப் பிசாசு ஏரிக்கரையிலும் சதுப்பிலும் தெரியும் நெருப்பு. ஊசுட்டேரியோ பாகூர் ஏரியோ இல்லாமல் அதைத் தார் ரோட்டில் ஓடவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். ‘பேய்’ என்ற சொல்லையோ இன்னும் பதமாகக் கையாள வேண்டும். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்திலேயே பெரிய பேய் யார் என்று கேட்டால் காரைக்கால் அம்மையார்தான். அழகைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பேய் உருவம் கேட்டு வாங்கியவர், தன்னைக் ‘காரைக்கால் பேய்’ என்றே பாடிக்கொண்டவர். அவருக்கு மாங்கனித் திருவிழா எடுக்கிற பிரதேசத்தில் ‘பேய் என்றால் தீமை’ என்று முதல் பக்கத்தில் எழுதினால், படிக்கிற பாட்டி புத்தகத்தை மூடிவிடுவார்.

நம் கதைக்குத் தேவை நகரத்துப் பேய். தமிழில் அது ஏற்கெனவே இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து நாற்சந்தியில் ஒரு பூதம் நிற்கிறது, சதுக்கப்பூதம். போலித் துறவி, கள்ள ஒழுக்கக்காரர், அரசனைக் கீழறுக்கும் அமைச்சர், பிறன்மனை தேடுபவர், பொய்ச்சாட்சி சொல்பவர், புறங்கூறுபவர் எல்லாம் என் கயிற்றில் மாட்டுவார்கள் என்று நாலு காதத்துக்குக் கேட்கிற மாதிரி கத்தி, மாட்டினவர்களை அடித்துத் தின்னும். காட்டையும் சுடுகாட்டையும் விட்டு நட்ட நடு ஊரில், நாலு தெரு கூடும் இடத்தில் வேலை பார்க்கும் பூதம். நகர்ப்புற மாயக்கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம்.

புதுச்சேரியில் அந்தச் சொல்லும் செத்துப்போகவில்லை. இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை உள்ள சந்திப்புகளைப் பத்திரிகைகள் இன்றும் இந்திரா சதுக்கம், ராஜீவ் சதுக்கம் என்றுதான் எழுதுகின்றன. சாயங்காலம் சிக்னலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அங்கே பூதம் நிற்கிறது என்று தனியாகச் சொல்லவும் வேண்டாம்.

சட்டம் நாலே வரி

பூதத்தின் விதிகளை ஒரு அட்டையில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டுங்கள். நாலு வரிக்கு மேல் போனால் வாசகர் மறந்துவிடுவார். எழுதுகிறவர் அதற்கு முன்பே மறந்திருப்பார்.

ஒன்று: பூதம் நாற்சந்தியை விட்டு இறங்காது, ஒரு நாற்சந்தியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். இரண்டு: பொய்ச்சாட்சியும் புறங்கூறலும் செய்தவரை மட்டுமே கயிறு பிடிக்கும். (காப்பியத்தின் ஆறில் இரண்டே போதும். மற்றவை இளையோர் நாவலுக்குச் சுமை.) மூன்று: அடித்த இரும்பு அதைக் கட்டும், கொல்லாது, துரு ஏறிய இரும்பு கட்டாது. நாலு: ஓர் உயிருக்குப் பதிலாக இன்னோர் உயிரை வாங்காது.

நாலாவது விதி நம் கற்பனை இல்லை. பத்தினி ஒருத்தி மேல் பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் பிடிக்கிறது. அவன் தாய் அழுவதைப் பார்த்து, ‘என் உயிரை எடுத்துக்கொள், அவனை விடு’ என்கிறான் கோவலன். கெட்டவன் உயிருக்கு நல்லவன் உயிரை வாங்கினால் எனக்கு நற்கதி ஏது என்று பூதம் மறுத்துவிடுகிறது. எழுதுகிறவருக்கு இது பொன் மாதிரி. இந்த வகை நாவல்கள் கடைசியில் சறுக்கி விழுகிற குழி, ‘என்னை எடுத்துக்கொள்’ என்று நாயகி முன்னால் வந்து நிற்கும் காட்சிதான். நாலாவது விதி அந்தக் கதவை முதல் நாளே பூட்டிவிடுகிறது. வேறு முடிவு கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

இரண்டாவது விதியின் விஷம் மெல்ல ஏறும். புறங்கூறாத பதினாறு வயது உண்டா? வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஸ்க்ரீன்ஷாட்டைத் தள்ளிவிட்டதும் புறங்கூறல்தான். ஆக, வேட்டைக்காரியே வேட்டைப்பொருள். வேட்டையாடுகிறவளையும் பிடிக்கக்கூடிய விதி இருந்தால்தான் ஒவ்வொரு சந்தியிலும் வாசகருக்குக் கை வியர்க்கும்.

‘ஏன் இப்போது?’ என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். பூதம் இத்தனை வருஷம் எங்கே இருந்தது? பாதாளச் சாக்கடைக்கு ரோட்டைத் தோண்டும்போது சந்தியில் புதைந்திருந்த கல் ஒன்று நகர்ந்தது. இந்த ஒரு காரணம் போதும். ரோடு தோண்டாத நாள் எந்த ஊரில் இருக்கிறது?

வரைபடம் போடுங்கள், நடந்து

இந்தப் படியைக் கூகுள் வரைபடத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு இருபது சந்திகளை நடந்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நாலே குறிப்பு: எத்தனை தெரு கூடுகிறது, மூலையில் என்ன இருக்கிறது (சின்னக் கோயில், டிரான்ஸ்ஃபார்மர், டீக்கடை), வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, நாய் எங்கே படுத்திருக்கிறது. இருபதில் ஐந்தை மட்டும் நாவலுக்கு எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று தடவையாவது கதை திரும்பி வர வேண்டும். புதுப்புது இடமாகக் காட்டிக்கொண்டே போனால் அது சுற்றுலாக் கையேடு.

நடந்தால்தான் புரிகிற விஷயம் ஒன்று உண்டு. பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்தின் தெருக்கள் கட்டம் போட்ட மாதிரி ஒன்றையொன்று வெட்டுகின்றன. கொஞ்ச தூரத்துக்கு ஒரு நாற்சந்தி. பூதத்திடமிருந்து ஓட அங்கே வழியே இல்லை. ஆனால் கடற்கரைச் சாலைக்கு வந்துவிட்டால் கிழக்கே கடல். மேற்கிலிருந்து வரும் தெருக்கள் சாலையில் முட்டி நின்றுவிடுகின்றன. அங்கே இருப்பவை எல்லாம் முச்சந்திதான். முதல் விதிப்படி அந்தச் சாலை முழுக்கப் பாதுகாப்பு. மாலை ஆனால் அங்கே வண்டியும் விடுவதில்லை, நடக்கிற கூட்டம் மட்டும். ஊரே காற்று வாங்க வரும் இடம் வேட்டைக்காரிக்கு மூச்சு வாங்கும் இடம். இப்படி ஒரு பொருத்தம் வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் வராது.

முச்சந்தியை முழுக்கச் சும்மா விடவும் வேண்டாம். சுற்றிப்போட்ட பூசணிக்காயும் எலுமிச்சையும் மிளகாயும் வந்து விழுவது அங்கேதான். சில்லறை ஆவிகளுக்கு அது பந்தி. துணைக் கதாபாத்திரம் தேவைப்பட்டால் அங்கே தேடுங்கள்.

காந்தி வீதி சண்டே மார்க்கெட் ஒரு நல்ல சிக்கல். ஞாயிற்றுக்கிழமை சட்டையும் செருப்பும் பரப்பிச் சந்தி மூடிக்கிடக்கிறது. தெரு தெரியாத சந்தி சந்திதானா? பூதத்துக்கே குழப்பம் வரட்டும். ஒரு சிரிப்பு அத்தியாயம் அங்கே காத்திருக்கிறது.

வெளியூர்க்காரர்கள், சில சமயம் உள்ளூர்க்காரர்களும், தவறும் இடங்கள் இவை. புதுவைக் கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. ‘கடலில் மூழ்கும் செங்கதிர்’ வந்தால் முதல் வாசகரே பிடித்துவிடுவார். வெள்ளை நகரத்தில் ஐந்நூறு வருஷ பங்களா கிடையாது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நிற்பவை பிறகு எழுந்தவை. ஆவியின் வயதை அதற்குள் வையுங்கள், அல்லது மண்ணுக்குக் கீழே போங்கள். அரிக்கமேட்டில் ரோமாபுரி வணிகத்தின் தடயங்களை 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி எடுத்தது நினைவிருக்கட்டும். ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம்; அங்கே சிவப்புத் தொப்பி போட்ட புதுவைப் போலீஸை அனுப்பாதீர்கள்.

எல்லையைத் தாண்டுதல்

நாவலின் நடுப்பகுதிதான் தொய்யும். அதற்கு மருந்து இடமாற்றம். கடலூர் சுமார் 22 கிலோமீட்டர். கன்னியக்கோவில், முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு. கேஸ் மாறும், போலீஸ் மாறும், பூதமும் மாற வேண்டும்.

இங்கே சரித்திரம் தானாக வந்து கை கொடுக்கிறது. 1690-இல் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கிய ஆங்கிலக் கம்பெனி, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை உள்ள ஊர்களைத் தனதாக்கிக்கொண்டது. அவை குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் கடலூரில் இருக்கிறது. மூன்றாவது விதியோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். இரும்பு விழுந்து இழுத்த எல்லை அது. நம் பூதம் அந்த வளையத்துக்குள் கால் வைக்காது. நாயகி அங்கே ஒளியலாம். ஆனால் கயிற்றில் மாட்டிய தோழி வளையத்துக்கு வெளியே, புதுவையில். ஒளிந்துகொள்ள இடமும் ஒளிய முடியாத நிலையும் ஒரே அத்தியாயத்தில் கிடைத்தால் நடுப்பகுதி தொய்யாது.

எச்சரிக்கை: இந்தத் தகவலை ஒரு வாத்தியார் வாயில் வைத்து ஒன்றரைப் பக்கம் பேசவிடாதீர்கள். பஸ்ஸில் ‘குண்டு உப்பலவாடி இறங்கு’ என்று கண்டக்டர் கத்தட்டும். ‘அது என்ன குண்டு?’ என்று அவள் கேட்கட்டும். பக்கத்து சீட்டில் மீன் கூடையோடு இருக்கும் அம்மா பாதி சொல்லட்டும், அதுவும் தப்பாக.

ஆயுதம்: ஏழு ஆணி

வாள் வேண்டாம். புதுவையில் பள்ளிக்கூடப் பையில் வாள் போகாது. ஆணி போகும். பேய் பிடித்ததாகச் சொல்லப்படுகிறவரின் முடியை மரத்தில் ஆணி அடித்து நிறுத்துவது இந்தப் பக்கத்து வழக்கம். பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்பு வைப்பதும் அப்படித்தான். கொல்லர் பட்டறையில் அடித்த நாலு அங்குல ஆணி, எண்ணிக்கை ஏழு. ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குப் பக்கத்தில் கிடக்கும்.

கடற்கரை ஊரில் இரும்புக்கு ஒரே எதிரி காற்று. உப்புக் காற்றில் வெறும் இரும்பு ஒரே ராத்திரியில் செம்பட்டை பூக்கும். அதனால் ஆயுதத்தைப் பராமரிப்பதே ஒரு காட்சியாகிவிடும்:

“ஆயா, ஆணி துரு புடிச்சிடுச்சு.”

“தொடச்சியா?”

“நேத்துதான் தொடச்சேன்.”

“கடக்காத்துக்கு நேத்து இன்னா, இன்னிக்கு இன்னா? தேங்காண்ணெய எடு. துணி வேணாம், வெரல்ல தடவு. தலையில மட்டும் தடவாத, சுத்தி வழுக்கிடும்.”

இந்த நாலு வரியில் மந்திரம் இல்லை, விளக்கம் இல்லை. ஆனால் அவர்கள் வீட்டில் இது எத்தனை தலைமுறை வேலை என்று தெரிந்துவிடுகிறது. ‘சுத்தி வழுக்கிடும்’ என்ற சொல்லை மனசில் வையுங்கள். முப்பதாவது அத்தியாயத்தில் அவசரத்தில் தலையிலும் எண்ணெய் பட்ட ஆணி ஒன்று வழுக்க வேண்டும்.

வாசகர் கட்டாயம் கேட்பார்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கிக்கொள்ளலாமே? பதில் முன்பே வரட்டும், ஒரு தோல்வியாக. கடையில் வாங்கிய பளபள ஆணியோடு அவள் முதல் தடவை போகிறாள். பூதம் அதைச் சட்டையே செய்யவில்லை. துரு ஏறக்கூடிய இரும்புக்குத்தான் உயிர் உண்டு என்று ஆயா அப்புறம் சொல்வாள். முதலில் அடி, பிறகு விதி. வரிசை மாறினால் பாடப்புத்தகம்.

ஆணிகளுக்குக் கணக்கு வைக்காவிட்டால் நாயகி எந்நேரமும் பையில் கைவிட்டு எடுத்துக்கொண்டே இருப்பாள். அடித்த ஆணியைத் திரும்பப் பிடுங்க முடியாது என்று வைத்து, பத்தாவது அத்தியாயத்துக்குள் இரண்டு செலவு, இருபதுக்குள் இன்னும் இரண்டு, கடலூரில் ஒன்று தொலையட்டும். கடைசிக்கு இரண்டு. அதில் ஒன்று வழுக்கும்.

பெண் இப்போது வரலாம்

பெயர் அஞ்சலை, வயது 16, வீடு புதுவையின் வம்பாகீரப்பாளையம். அஞ்சலை என்பது இந்தப் பக்கத்துப் பழைய பெயர், ஆயாவின் அம்மா பெயர். கடலூரின் சுதந்திரப் போராட்ட வீராங்கனை அஞ்சலை அம்மாளுக்கும் அதே பெயர். நம் பெண்ணுக்கோ அது பிடிக்காது, வகுப்பில் ‘அஞ்சு’. ‘அஞ்சலை’ என்றால் அஞ்சவில்லை என்றும் பொருள்படும். இதை நாவலில் யாரும் சொல்லவே வேண்டாம், சொன்னால் கெட்டது.

சாதாரண ஸ்கூட்டருக்கோ பைக்குக்கோ லைசென்ஸ் வயதில்லை. ஆகவே சைக்கிள், ஷேர் டெம்போ, டவுன் பஸ். துரத்தல் காட்சியின் வேகத்தை அந்தக் கணக்கில் வையுங்கள். வீட்டில் போன் ராத்திரி பத்து மணிக்கு அம்மா கைக்குப் போய்விடும் என்று ஒரு விதி இருந்தால், பத்துக்கு மேல் உதவி கூப்பிட முடியாது. மந்திரக் கட்டுகளைவிட அம்மா கட்டுக்கு வலு அதிகம்.

குடும்ப ரகசியத்துக்கும் ஊரே கதை தருகிறது. தாத்தா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். 1962 ஆகஸ்ட் 16-இல், புதுவையை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, புதுவை மண்ணில் பிறந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. ‘இவன் இங்கேதான் பிறந்தான்’ என்று சிநேகிதனுக்காக ஒரு பொய்ச்சாட்சி. பிறந்ததோ எல்லைக்கு அந்தப் பக்கம். அதனால் யாருக்கு என்ன போனது என்பதுதான் நாவலின் மூடின அறை. இன்று எண்பதைத் தாண்டிய தாத்தா, பல வருஷமாகச் சந்தியைத் தாண்டாமல் வீட்டுக்கும் கடற்கரைக்கும் மட்டுமே நடக்கிறவர். கால் வலி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாள் கணக்கு

கதைக்கு ஒரு மண்டலம், 48 நாள். முடிவு மாசி மகம். அன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும், கடலூரில் தேவனாம்பட்டினம். மகத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் தொடக்கம் பொங்கலை ஒட்டி வந்து நிற்கும். வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் முன்பின் ஆகும்.

இங்கே பஞ்சாங்கம் பார்க்காமல் எழுதி அசிங்கப்பட்டவர்கள் உண்டு. அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் போகும் மயானக் கொள்ளைத் திருவிழா மாசி அமாவாசையை ஒட்டி. மகம் பௌர்ணமியை ஒட்டி. எது முதலில் வரும் என்பது ஆண்டைப் பொறுத்தது. 2024-இல் மகம் பிப்ரவரி 24, மயானக் கொள்ளை அதற்குப் பிறகு மார்ச்சில். 2025-இல் கொள்ளை பிப்ரவரிக் கடைசியில், மகம் மார்ச் 12. கதை நடக்கும் வருஷத்தை முடிவு செய்துவிட்டு இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: மகத்து ராத்திரி நிலா கடலிலிருந்து எழுந்து ஊரே வெளுத்திருக்கும். ‘கும்மிருட்டு’ எழுதினால் தப்பு. மாசியில் புயலும் கிடையாது. அது வடகிழக்குப் பருவத்துச் சங்கதி, தானே புயல் கரை ஏறியது 2011 டிசம்பர் 30-இல். நிலா வெளிச்சத்தில் ஒளிய இடமில்லாமல் நடக்கும் கடைசிச் சண்டை, இருட்டும் இடியும் வைத்து எழுதும் சண்டையைவிடப் பயமாக இருக்கும். மாசி என்றால் பரீட்சையும் வந்துவிடும். அதைத் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை.

பேய் பிடித்தவர்களை எழுதும்போது

இந்த இடத்தில் கை நடுங்கினால் நல்லது. பேய் பிடித்ததென்று அடிபட்டவர்களும் கட்டிவைக்கப்பட்டவர்களும் பெரும்பாலும் மனநலச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள், அல்லது வீட்டில் வாய் திறக்க வழியில்லாத பெண்கள். 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடிக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதைத் தெரிந்துகொண்டு, அஞ்சலை ஒரு தோழியைக் கட்டிவைத்துப் பேயோட்டுகிற காட்சியை எழுத முடியாது. நம் பூதம் யார் உடம்புக்குள்ளும் புகாது, வெளியே நின்று கயிறு வீசும். இந்த ஒரு முடிவு பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். தோழிக்குத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது பயம். அவளை ஜிப்மருக்குக் கூட்டிப்போகட்டும், டாக்டர் நல்லவராகவே இருக்கட்டும். பேயோட்டுபவரை ஏதோ ஒரு சாதிக்காரராக அடையாளம் காட்டும் பழைய சினிமா வழக்கமும் வேண்டாம்.

அளவும் திருத்தமும்

தமிழில் 40,000 முதல் 45,000 சொல் போதும். ஆங்கிலக் கணக்கைப் பார்த்து 80,000 என்று பயப்படாதீர்கள். ‘வந்துகொண்டிருந்தவளிடமிருந்து’ நமக்கு ஒரே சொல். 32 அத்தியாயம், ஒவ்வொன்றும் 1,300 சொல்லுக்கு முன்பின். பூதத்தின் குரல் முதல் அத்தியாயத்தில் கேட்கட்டும், உருவம் ஒன்பதுக்கு முன்னால் வேண்டாம். கடலூர் 17-இலிருந்து 22 வரை. தாத்தாவின் பொய் 25-இல் உடையட்டும்.

நடை எழுத்துத் தமிழ், பேச்சு புதுவைப் பேச்சு. ‘இன்னாடி’, ‘ஆயா’, ‘சொல்ட்டேன்’ எல்லாம் வரும். ஆனால் ஒரே ஆள் ஒரு பக்கத்தில் ‘என்ன’, அடுத்ததில் ‘இன்னா’ என்று பேசினால் உறுத்தும். கதாபாத்திரத்துக்கு ஒரு பக்கச் சொல்பட்டியல் வைத்து, தேடு வசதியால் சரிபார்த்துவிடுங்கள். சொல்தா தாத்தாவுக்கு ஒன்றிரண்டு பிரெஞ்சுச் சொல் போதும்; ஒவ்வொரு வரியிலும் ‘மெர்சி’ சொன்னால் நாடகம்.

முதல் வரைவு முடிந்ததும் பதினைந்திலிருந்து பதினேழு வயதுக்குள் ஐந்து பேரிடம் கொடுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்பார்கள், அதால் பயனில்லை. எந்தப் பக்கத்தில் போனை எடுத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே அநேகமாக யாரோ யாருக்கோ விதியை விளக்கிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பத்தியை வெட்டிவிட்டு, ஆணி பலிக்காத ஒரு காட்சியை வைத்து மறுபடி அதே மூன்று பேரிடம் கொடுங்கள்.